கட்கியிலிருந்து கோண்டார் சாலைக்கு

நம் சங்க மலருக்கு இவ்வாண்டு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் என்னிடம் கேட்டபோது அவர் எண்ணியது வேறு. நான் வேதியியல் மாணவன் ஆகையால், இராமனையோ சந்திரசேகரையோ எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்தார். பட்டாளத்துக்காரர் ஒருவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அவர் முகம் சற்றுச் சுருங்கியது. அவர் தமிழரும் அல்லர் என்றதும் இன்னும் சற்றுச் சுருங்கியது. ஆயினும் மறுக்காமல் பக்கங்களை ஒதுக்கித் தந்தார். அவருக்கு என் நன்றி.

புனே நகரிலிருந்து மும்பைக்கு ரயில் ஏறிய நம் அன்பர்கள் எல்லோரும் கட்கி என்னும் சிறு நிலையத்தைக் கடந்திருப்பார்கள். வெள்ளையர் காலத்தில் அதற்குக் கிர்க்கி என்று பெயர். அங்கே பழைய மரங்கள் நிழல் பரப்பும் பெரிய படை வளாகம் ஒன்று உண்டு. பம்பாய் சாப்பர்கள் என்று பெயர் பெற்ற இராணுவப் பொறியாளர் படையின் தாயகம் அதுவே. பாலம் கட்டுவது, சாலை போடுவது, பகைவன் புதைத்த கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பது, தேவைப்பட்டால் தான் கட்டிய பாலத்தைத் தானே தகர்ப்பது ஆகியவை சாப்பர்களின் தொழில். நான் இந்த ஊருக்குப் படிக்க வந்த முதல் மாதத்தில், வழி தவறிச் சைக்கிளில் அந்த வளாகத்தின் வாயில்வரை போய்விட்டேன். காவலர் என்னைத் திருப்பி அனுப்பினார். அன்றிரவு குடியாத்தம் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது இதைச் சொன்னேன். என் தாத்தாவுக்கு உறக்கம் போய்விட்டது. அவர் பெங்களூரைத் தாயகமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர் படையில் தச்சராகச் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பம்பாய் சாப்பர்கள் அவர் படைக்குப் பங்காளி வீட்டார் போன்றவர்கள். பங்காளிகளுக்குள் உள்ள பாசமும் உண்டு, பொறாமையும் உண்டு. அன்றுதான் அவர் முதன்முதலாகப் பகத் என்ற பெயரை எனக்குச் சொன்னார்.

பிரேமிந்திர சிங் பகத் 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று ஐக்கிய மாகாணத்துப் பதேகட்டில் பிறந்தார். தந்தை அரசாங்கத்தில் எக்சிக்யூட்டிவ் எஞ்சினீயர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். 1930-இல் டேராடூனிலிருந்த இராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1937-இல் அதே ஊரிலுள்ள இந்திய இராணுவக் கழகத்தில் நுழைந்தார். அங்கே டென்னிசிலும் ஸ்குவாஷிலும் முன்னணியில் நின்றார். படிப்பில் அத்தனை அக்கறை காட்டவில்லை என்று சொல்வார்கள். 1938-இல் தந்தையும் குதிரைச் சவாரியில் நேர்ந்த விபத்தால் இறந்துபோனார். இருபது வயதில் அவருக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. 1939 ஜூலையில் செகண்ட் லெப்டினன்டாகப் பம்பாய் சாப்பர் படையில் சேர்க்கப்பட்டார். ஒன்றரை மாதத்தில் உலகப் போர் மூண்டது. செப்டம்பரில் அவர் சேர்ந்த பிரிவு, அன்று பூனா எனப்பட்ட இந்நகரில் இருந்த 21-ஆவது ஃபீல்டு கம்பெனி.

இந்தக் கம்பெனியைப் பற்றி இங்கே சிறிது சொல்லத்தான் வேண்டும். மனிதர்களைப்போலவே படைப் பிரிவுகளுக்கும் முன்வினை உண்டு. முதல் உலகப் போரில், 1914 அக்டோபர் 28 அன்று, பிரான்சு நாட்டில் நூவ் ஷப்பெல் என்னும் கிராமத்தை மீட்க 47-ஆவது சீக்கியர் படையோடு 20, 21 என்ற இரண்டு சாப்பர் கம்பெனிகளையும் அனுப்பினார்கள். பாலமும் பாதையும் அமைக்கக் கற்றவர்களைத் துப்பாக்கி முனையில் ஈட்டி செருகிக் காலாட்படையாக ஓடச் சொன்னார்கள். கிராமத்துக்குள் நுழைந்தார்கள், தெருத்தெருவாகப் போரிட்டார்கள், துணைப்படை வராததால் திரும்பினார்கள். அந்த ஒரு நாளில் அவ்விரு கம்பெனிகளின் ஆங்கில அதிகாரிகள் அனைவரும் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். தளபதி என்று சொல்ல ஒருவர்கூட மிஞ்சாத கம்பெனியாயிற்று அது. இந்தியச் சிப்பாய்களும் ஹவில்தார்களும் எஞ்சியவர்களைத் திரட்டிக்கொண்டு நின்றார்கள். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே 21-ஆம் கம்பெனி மறுபடி கடல் கடந்தபோது, அதன் ஒரு பகுதிக்கு இந்திய இளைஞர் ஒருவர் அதிகாரியாக இருந்தார் என்பதை நான் சாதாரண மாறுதலாகக் கருதவில்லை.

1940 செப்டம்பரில் கம்பெனி கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. சூடானுக்கும் எத்தியோப்பியாவுக்கும் எல்லையில் கல்லபாட், மெத்தம்மா என்று இரண்டு ஊர்கள் எதிரெதிரே உள்ளன. முதலாவது சூடானில், மற்றது எத்தியோப்பியாவில். இரண்டும் அப்போது இத்தாலியர் கையில். பிரிகேடியர் ஸ்லிம் நவம்பர் 6 அன்று கல்லபாட் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். ஆனால் இத்தாலிய விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன, டாங்கிகள் பழுதாயின, பிடித்த இடத்தை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. பிற்காலத்தில் பர்மாவில் பெரும் புகழ் பெற்ற அந்த ஸ்லிம், தம் நினைவுகளை எழுதுகையில், அன்று தாம் துணிந்திருக்க வேண்டும் என்று வருந்தியிருக்கிறார். பெரிய மனிதர்கள் இப்படி எழுதுவது அபூர்வம். பின்வாங்கும்போது பகைவர் தொடராமல் தடுக்க, பழுதான இரண்டு டாங்கிகளில் வெடிமருந்து நிரப்பி ஒரு மதகுப் பாலத்தைத் தகர்க்கும் பொறுப்பு பகத்திடம் வந்தது. வெடித்தது. ஆனால் முழுவதும் வெடிக்கவில்லை. பகத் அதைக் கவனித்துவிட்டார். சுட்டுக்கொண்டிருந்த பகைவர் கண்ணெதிரே திரும்பி ஓடி, எஞ்சிய மருந்துக்குத் தீ வைத்துவிட்டு வந்தார். ஆய்வகத்தில் எதிர்பார்த்த வினை பாதியில் நின்றுவிட்டால் நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அரைமணி காத்திருப்போம். வெடிக்காத மருந்தை நெருங்குவது எத்தகைய செயல் என்பதை வேதியியல் பயில்கிறவர்கள் அறிவார்கள். இந்தச் செயலுக்காக அவருக்கு மிலிட்டரி கிராஸ் பரிந்துரைக்கப்பட்டது. கிடைத்ததோ போர் அறிக்கையில் பெயர்க் குறிப்பு ஒன்றே.

1941 ஜனவரி 31 இரவு இத்தாலியர் மெத்தம்மாவையும் கைவிட்டுக் கோண்டார் நகரை நோக்கிப் பின்வாங்கினர். போகும்போது சாலை நெடுகக் கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டுப் போனார்கள். துரத்திச் செல்லும் படை விரைந்து செல்லவேண்டும், விரைந்தால் வெடிக்கும். படைக்கு முன்னால் செல்லும் பிரென் காரியர் என்னும் சங்கிலிச் சக்கர வண்டியில் ஏறி, வெடிகளைக் கண்டுபிடித்து அகற்றிக்கொண்டே போகும் வேலை பகத்துக்கும் அவருடைய சாப்பர்களுக்கும் இடப்பட்டது.

கண்ணிவெடியைக் கண்டறியும் மின்கருவிகள் அடுத்த ஆண்டு எல் அலமெயின் போரில்தான் பரவலாகப் பயன்பட்டன. கோண்டார் சாலையில் கண்ணும் கையும்தான் கருவி. மண் எங்கே கிளறப்பட்டிருக்கிறது? எங்கே நிறம் மாறியிருக்கிறது? மற்ற இடமெல்லாம் வண்டித்தடம் இருக்க, இங்கே மட்டும் ஏன் அழிந்திருக்கிறது? இப்படிக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். நான்கு நாட்கள், விடியலிலிருந்து இருட்டும்வரை, 55 மைல் தூரம், 15 கண்ணிவெடி நிலங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு மைலுக்குள் ஒன்று வீதம் வருகிறது. அவர் ஏறிச்சென்ற வண்டி இரண்டு முறை வெடியில் சிக்கிச் சிதறியது. உடனிருந்தோரில் உயிரிழந்தவரும் காயமுற்றவரும் உண்டு. மூன்றாம் முறை பகைவர் மறைந்திருந்து மிக அருகிலிருந்து சுட்டார்கள். ஒவ்வொரு முறையும் பகத் வேறு வண்டியில் ஏறிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஒரு வெடியில் அவருடைய செவிப்பறை ஒன்று கிழிந்தது.

இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன்.

செவிப்பறை என்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள தோல். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைவிட மூன்றில் ஒரு பங்கு திடீரென்று கூடினாலே அது கிழியக்கூடும். கிழிந்தபின் காதுக்குள் வண்டு குடைவதுபோல் ஓர் ஓசை ஓயாது கேட்கும். தலை சுற்றும். எந்தத் திசையிலிருந்து ஒலி வருகிறது என்பது பிடிபடாது. இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் கிணற்றில் குளித்துக் காதில் சீழ் வைத்ததில் என் இடது செவிப்பறையில் துளை விழுந்துவிட்டது. பதினெட்டு வயதில் படைப்பயிற்சிக் கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் அந்தத் துளையால் திருப்பி அனுப்பப்பட்டேன். தாத்தா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், வேதியியல் படி, அதிலும் வெடிமருந்து இருக்கிறது என்றார். அப்படித்தான் நான் விஞ்ஞான மாணவன் ஆனேன். வகுப்பில் நான் எப்போதும் இடது ஓரத்து நாற்காலியைத் தேடுவது ஏன் என்று கேட்ட நண்பர்களுக்கு இதுவே விடை.

ஆகையால் பகத்தின் கதையில் என்னை உறங்கவிடாதது அவருடைய துணிவு மட்டுமன்று. காது கிழிந்து, களைத்துத் தள்ளாடும் நிலையில், அவருக்கு மாற்றாக வேறு அதிகாரியை அனுப்ப மேலிடம் முன்வந்தது. அவர் மறுத்தார். மறுத்ததற்கு அவர் சொன்ன காரணம் வீரமோ மானமோ அன்று; இந்த வேலையில் இப்போது தமக்கே மற்றவரைவிடப் பழக்கம் மிகுதி என்பதுதான். பகைவன் வெடி வைக்கும் பழக்கம் என்ன, எந்த வளைவில் வைப்பான், எப்படி மூடுவான் என்பதெல்லாம் முதல் சில வெடிநிலங்களில் அவர் கற்ற பாடம். புதிதாக வருகிறவன் அதைத் தொடக்கத்திலிருந்து கற்கவேண்டும். அதற்கு விலை சாப்பர்களின் உயிர். இதை ஒரு விஞ்ஞானியின் விடை என்று நான் நினைக்கிறேன். படிப்பில் அக்கறை இல்லாதவர் என்று பெயரெடுத்த இளைஞர், இருபத்திரண்டு வயதில், என்னைவிட ஓர் ஆண்டு இளையவராக இருந்தபோது சொன்ன விடை.

விக்டோரியா கிராஸ் அவருக்கு வழங்கப்பட்ட செய்தி 1941 ஜூன் 10 அன்று லண்டன் கெஜட்டில் வெளியாயிற்று. அந்தப் போரில் அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதற்குமுன் அதைப் பெற்ற இந்தியர்கள் எல்லோரும் வைசிராய் கமிஷன் பெற்றவர்களும் சிப்பாய்களும்தாம். வெள்ளையர்க்கு நிகரான கமிஷன் பெற்ற இந்திய அதிகாரி ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதன்முறை. அந்த விருதுப் பத்திரத்தில் உடன் மடிந்த சாப்பர்களின் பெயர் ஒன்றும் இல்லை. விருதுப் பத்திரங்களின் வழக்கம் அப்படி. அதை நான் குறையாகவே சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையின் முதற்படியை நம் சங்கத்து நண்பர்கள் சிலருக்குப் படித்துக் காட்டினேன். வரலாறு பயிலும் நண்பர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். பகத் கோண்டார் சாலையில் வெள்ளையனுக்காக உயிரைப் பணயம் வைத்த அதே பிப்ரவரியில் நேரு சிறையில் இருந்தார், இராஜாஜி சிறையில் இருந்தார். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். நாம் எவரைப் போற்றுவது என்றார். நியாயமான கேள்வி. அன்றிரவு விடுதி மாடியில் நெடுநேரம் வாதித்தோம். நான் சொன்னது இதுதான். அந்தச் சாலை எத்தியோப்பியர்களின் சாலை. 1935-இல் இத்தாலி அந்நாட்டின்மீது படையெடுத்து, உழவர்கள்மீதும் கால்நடைகள்மீதும் மஸ்டர்ட் வாயுவைத் தூவியது. அதைச் செய்த வேதியியலும் நான் படிக்கும் வேதியியல்தான். நாடிழந்த பேரரசர் ஹெய்லி செலாசி 1936-இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின்முன் நின்று முறையிட்டார், எவரும் உதவவில்லை. 1941 ஜனவரி 20 அன்று சூடான் எல்லை வழியாகத் தம் நாட்டுக்குள் திரும்பக் காலெடுத்து வைத்தார். மே 5 அன்று தலைநகரில் நுழைந்தார். கோண்டார் நவம்பரில் வீழ்ந்தது. அடிமை நாட்டுச் சிப்பாய்கள் மற்றோர் அடிமை நாட்டின் விலங்கை உடைக்க உதவினார்கள். இது முரண்பாடுதான். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் முழுவதும் ஒப்புக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன்.

சுதந்திரத்துக்குப்பின் பகத் கட்கியில் பம்பாய் சாப்பர் மையத்துக்கே தலைவராக வந்தார். இளைஞராக வந்து சேர்ந்த படைக்கு மூத்தவராகத் திரும்பினார். அந்த மையத்தின் இன்னொரு பெருமை கார்வார்ப் பக்கத்து இராமா ரகோபா ராணே. பகத் பிறந்த 1918-இல் பிறந்தவர். 1948 ஏப்ரலில் காசுமீரத்து நௌஷேராவிலிருந்து இரஜௌரிக்கு டாங்கிகள் செல்ல, காயத்தோடு நான்கு நாள் கண்ணிவெடியும் மறியலும் அகற்றிப் பரம்வீர் சக்ரம் பெற்றவர். ஒரே ஆண்டில் பிறந்த இருவர், ஒரே படை, நான்கு நான்கு நாட்கள். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

1962-இல் சீனத்தோடு நடந்த போரில் நாம் அடைந்த தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்சையும், அப்போது டேராடூன் இராணுவக் கழகத் தலைவராயிருந்த பிரிகேடியர் பகத்தையும் நியமித்தார்கள். 1963-இல் அறிக்கை தந்தார்கள். அதை அரசு வெளியிடவில்லை. 2014-இல் நெவில் மாக்ஸ்வெல் என்னும் பத்திரிகையாளர் ஒரு பகுதியை வெளியிட்ட பிறகும், அதிகார பூர்வமாக அது இரகசியமாகவே வைக்கப்பட்டது. புதைந்திருக்கும் வெடிகளைத் தோண்டி எடுப்பதே தொழிலாகக் கொண்டவர் தோண்டி எடுத்த ஒன்றை மறுபடி புதைத்துவிட்டார்கள்.

லக்னோவில் மத்தியப் படைத்தலைமையில் இருந்தபோது கோமதி ஆறு பெருகி நகரைச் சூழ்ந்தது; படையினரை இறக்கிக் கரையை அடைக்கும் பணியை அவரே முன்னின்று நடத்தினார். 1972-இல் புதிதாக உண்டாக்கப்பட்ட வடபுலப் படைத்தலைமைக்கு உதம்பூரில் முதல் தலைவரானார். பனிமலைக் காவலில் நிற்கும் சிப்பாய்களுக்கு நல்ல தங்கும் இடங்கள் கட்டித் தருவதில் பிடிவாதமாக நின்றார். என் தாத்தா அவரை நினைப்பது இதற்காகத்தான்; விக்டோரியா கிராஸ் எல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று சுசேத்கட்டில், பாகிஸ்தானின் லெப்டினன்ட் ஜெனரல் அப்துல் ஹமீத் கானும் இவரும் காசுமீரத்துக் கட்டுப்பாட்டுக் கோட்டின் வரைபடங்களில் கையெழுத்திட்டார்கள். நாம் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கும் அந்தக் கோட்டுக்கு இந்தியாவின் சார்பில் கையெழுத்து இவருடையது.

தலைமைத் தளபதி பதவி அவருக்கு வரும் என்று படையில் பலர் எதிர்பார்த்தார்கள். 1974-இல் ஜெனரல் பேவூருக்குப் பதவி நீட்டிப்பு அளிக்கப்பட்டது. அதற்குள் பகத் ஓய்வு பெற்றுவிட்டார். காரணம் பற்றிப் பலவிதமாகப் பேசினார்கள். பேச்சில் எனக்கு அக்கறையில்லை. அந்த ஆண்டு ஜூலையில் அவர் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவர் பதவியை ஏற்றார். மின்சாரம் அடிக்கடி நின்று, தொழிற்சாலைகள் முடங்கிக்கிடந்த காலம். அவர் மின்நிலையங்களுக்கு நேரில் சென்று, தொழிலாளரோடு பேசி, பழுதான இயந்திரங்களை ஓட வைத்தார். உற்பத்தி உயர்ந்தது. பத்து மாதம் ஆனது. 1975 மே 23 அன்று கல்கத்தாவில் காலமானார். வயது 56. எட்டு நாள் கழித்து, மே 31 அன்று, ஜெனரல் பேவூர் ஓய்வு பெற்றார்.

எழுதியதைத் தாத்தாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு, எங்கள் படைச் சுபேதார் சுப்பிரமணியத்தை ஏன் விட்டாய் என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துச் சுப்பிரமணியம் மெட்ராஸ் சாப்பர் படையின் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்தவர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் இடத்தில், காலடியில் பற்றிக்கொண்ட கண்ணிவெடி வெடிப்பதற்கிருந்த சில வினாடிகளில் அதன்மேல் தாமே விழுந்து, உடனிருந்தோரைக் காத்து உயிர் விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. அவர் ஊர் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். அடுத்த ஆண்டு மலர் வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். அவரைப் பற்றி எழுத விரும்பும் தம்பி தங்கையர் யாரேனும் இருந்தால், விடுதியில் என் அறைக்கு வாருங்கள். தாத்தாவின் தொலைபேசி எண்ணைத் தருகிறேன். மாலை ஆறு மணிக்குமேல் அழைத்தால் பேசுவார். வலது காதில் வைத்துக் கேட்கிறார், உரக்கப் பேசவேண்டும்.